விட்டுவைத்த கோதுமை

எங்கள் பக்கத்தில் ஆண்கள் துப்பாக்கி துடைக்கும்போது செத்துப்போவார்கள். ஷெரீப் அப்படித்தான் எழுதுவார். பாதிரியாரும் அப்படித்தான் சொல்வார். அடக்கத்துக்குப் போகிற நாங்களும் கையில் மூடிய பாத்திரத்தோடு போய், "என்ன ஒரு விபத்து" என்று சொல்லிவிட்டுத் திரும்புவோம். ட்வெயின் லைக்கர் ஏப்ரல் மாதம் அப்படித்தான் போனார், அவருடைய மெஷின் கொட்டகைக்குள். முதலில் பார்த்தது மகன் ட்ரெவர்.

ஜூன் கடைசியில் கோதுமை முற்றிவிட்டது. யார் செத்தாலும் மேற்கு கான்சஸில் கோதுமை அந்த வாரத்தில்தான் முற்றும். ஒரு வீட்டில் ஆள் போய்விட்டால் அக்கம்பக்கத்தில் உள்ளவர்கள் தங்கள் வயலை அப்படியே நிறுத்திவிட்டு, மெஷின்களைக் கொண்டுவந்து அந்த வீட்டு வயலை ஒரே நாளில் அறுத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். யாரும் கேட்கமாட்டார்கள், யாரும் அழைக்கமாட்டார்கள். என் கணவர் கர்ட் நாலு பேருக்குப் போன் செய்து, "வியாழக்கிழமை, டெனிஸ் வீடு" என்று மட்டும் சொன்னார். அது போதும்.

நான் விடிந்ததும் டெனிஸ் சமையலறைக்குப் போய்விட்டேன். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முட்டைக்கோசும் மாட்டிறைச்சியும் வதக்கி உள்ளே வைத்துச் சுடுகிற பன், எங்கள் பாட்டன்மார் ருஷ்யாவிலிருந்து கொண்டுவந்த பண்டம், பீராக் என்போம். அறுவடைக்கு அது இல்லாமல் ஆகாது.

"உன்னை யாருடி இதெல்லாம் செய்யச் சொன்னது?" என்றேன். "நாங்க கொண்டு வர்றோம்ல?"

"கை சும்மா இருந்தா என்ன பண்றதுன்னு தெரியல, மார்லா."

அவள் குரல் ஏப்ரலிலிருந்து அப்படித்தான் இருந்தது, பல் டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தவள் பேசுகிற மாதிரி. அழுது நான் பார்க்கவில்லை. மாவை உருட்டினாள், தட்டினாள், வைத்தாள்.

"ட்ரெவர் எங்க?"

"வண்டிக்கு டீசல் ஊத்தறான். ராத்திரி தூங்கல. நேத்து மேசையில உக்காந்து தட்டையே பார்த்துட்டு இருந்தான். 'என்னடா'ன்னேன். 'ஒண்ணுமில்ல'ன்னான். ட்வெயினும் அதே நாற்காலியில உக்காந்து அதையேதான் சொல்லிட்டிருந்தான், குளிர்காலம் பூரா." மாவுக் கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "உன் வீட்ல கொடுத்து வச்சதெல்லாம் பூட்டித்தானே இருக்கு?"

அவள் வீட்டுத் துப்பாக்கிகளை எல்லாம் மே மாதமே கர்ட் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். எதற்கு என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

"பூட்டித்தான் இருக்கு. சாவி கர்ட்கிட்ட."

"ட்ரெவர் கண்ணால பார்த்தான் மார்லா. ஷெரீப் வந்து அவன் தோள்ல கை போட்டு, 'உங்கப்பா துப்பாக்கி துடைச்சிட்டிருந்தார், தம்பி'ன்னு சொன்னார். நானும் பக்கத்துல நின்னு தலையாட்டினேன். அதுக்கப்புறம் அவன் பேச்சை நிறுத்திட்டான். யாராவது அவன்கிட்ட உள்ளதைச் சொல்லணும். எனக்கு வாய் வரல." அடுப்பைத் திறந்து தட்டைத் தள்ளினாள். "க்ளே வரானாமே இன்னைக்கு. அவன் சொல்லுவான்."

க்ளேட்டன் ஹெர்ட்லைன் எங்கள் தொகுதி எம்.பி. தொகுதி என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்ட வேண்டும், வழியில் ஆட்களைவிட மாடுகள் அதிகம். தொலைக்காட்சியில் அவன் வாஷிங்டன்காரர்களைப் பிய்த்து எறிவான். மற்றவர்கள் மென்று விழுங்குவதை அவன் உடைத்துச் சொல்வான் என்றுதான் நாங்கள் ஓட்டுப் போட்டோம். ட்வெயின் வேலியில் அவன் பெயர்ப் பலகை மூன்று தேர்தலாக இறங்கவே இல்லை. வெயிலில் சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகிவிட்டது.

அவனுக்கு ஒரு பேச்சு உண்டு. எந்தக் கூட்டமானாலும் அதில்தான் முடிப்பான். "எனக்குப் பதினைந்து வயது. அப்பா ஒரு விபத்தில் போய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் எழுந்து மாடுகளுக்கு நான் தீவனம் வைத்தேன். அரசாங்கம் வந்து வைக்கவில்லை." எல்லோரும் கைதட்டுவோம். நானும் டெனிஸும் அவனோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் அப்பாவும் துப்பாக்கி துடைக்கும்போது போனவர்தான்.

பனி ஈரம் காயும்வரை அறுக்க முடியாது. ஆண்கள் வயல் ஓரத்தில் காபி குடித்துக்கொண்டு நின்றார்கள். கர்ட் ஒரு கதிரைக் கசக்கி ஊதி, மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். சொடக்கென்று உடைந்தால் சரி. உடையவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அது உடைந்தது. அவ்வளவுதான், ஏழு மெஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின. குளிர்காலத்திலும் கொட்டகைக்கு வெளியிலேயே நிற்கிற ட்வெயினுடைய பழைய பச்சை மெஷின் மட்டும் கிழக்கு மூலையில் சும்மா நின்றது. அது வழக்கம். வயலின் கிழக்கு ஓரத்தில் ஒரு நீளப் பட்டையை அறுக்காமல் விட்டுவிடுவோம். எல்லாம் முடிந்தபிறகு அந்த வீட்டுப் பிள்ளை அப்பாவின் மெஷினில் ஏறி அதை அறுக்கவேண்டும். அதுவரை யாரும் கிளம்பமாட்டார்கள்.

அதற்கு முன்பே, காபி நேரத்தில், க்ளே தன் மைத்துனனின் மெஷினை ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. கூடவே கேமராவோடு ஒரு இளம்பெண், வாஷிங்டன் அலுவலகத்தில் வேலை செய்கிறவள், வெள்ளைச் செருப்பு போட்டிருந்தாள்.

"க்ளே," என்றார் பக்கத்துப் பண்ணை பெர்னடெட் கிழவி, தண்ணீர் குடத்துப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு. "டிவியில கத்தற மாதிரி இங்க கத்திடாதப்பா. என் மாடுங்க வேலி தாண்டிடும்."

"உங்க மாடுங்களும் எனக்குத்தான் ஓட்டுப் போடுது, பெர்னடெட் அம்மா."

"போடும் போடும். அதுங்களுக்கு வேற யாரையும் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் எல்லோரோடும் கைகுலுக்கினான். ட்ரெவரிடம் வந்தபோது அவன் தோளில் கை போட்டான். ட்ரெவர் அந்தக் கையைப் பார்த்தான், பிறகு தானிய வண்டியை இழுக்கிற டிராக்டரில் ஏறிக்கொண்டான்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், க்ளே நன்றாகவே ஓட்டினான். தெற்குக் காற்று தூசியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. வைக்கோல் தூள் கழுத்துக்குள் புகுந்து அரித்தது. மெஷின் நிறைந்ததும் ட்ரெவர் வண்டியைப் பக்கத்தில் ஒட்டி ஓட்ட, ஓடிக்கொண்டே மணியைக் கொட்டுவார்கள். நிற்கிற பேச்சே இல்லை. ட்ரெவர் அதைக் கச்சிதமாகச் செய்தான். முகம் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

மத்தியானம் மரத்தடியில் மேசை போட்டோம். பீராக், பன்றித்தொடை, பச்சை பீன்ஸும் மாவு உருண்டையும் போட்ட சூப், ஐஸ் தேநீர். க்ளே நின்று ஜெபம் சொன்னான். "இந்த விபத்தில் எங்களைவிட்டுப் போன ட்வெயினை உம்மிடம் சேர்த்துக்கொள்ளும்." ஆமென் என்றோம். ட்ரெவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தான்.

தட்டுகளை எடுக்கிற சாக்கில் டெனிஸ் க்ளேயைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டாள். நான் அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை.

"க்ளே, ட்ரெவர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசு."

"கண்டிப்பா. நல்ல பையன். அவனுக்கு வாஷிங்டன்ல எங்க அலுவலகத்துல ஒரு..."

"அதெல்லாம் வேண்டாம். அவன் என்ன பார்த்தான்னு அவன்கிட்ட கேளு. உனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

க்ளே குனிந்து பூட்ஸ் மண்ணைத் தட்டினான். "எனக்கா? எனக்கு விபத்துதானே, டெனிஸ்."

"நான் உன் கூடப் படிச்சவ."

"இதோ பாரு. விபத்துன்னு இருந்தா பையனுக்கு நல்லது. கல்யாணம், காட்சி, சர்ச்சு, எல்லாத்துக்கும். நான் அப்படித்தான் வளர்ந்தேன். ஒண்ணும் கெட்டுப் போகல."

"டிவியில பார்க்கறேன்," என்றாள் டெனிஸ்.

அவன் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டான். "சூப் ரொம்ப நல்லாருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

டெனிஸ் கழுவிய தட்டையே எடுத்து மறுபடி கழுவினாள். "என் வீட்டு மேசையில உக்காந்து சாப்பிட்டவனை நான் என்னன்னு கேக்கறது?" என்றாள், என்னிடம் இல்லை, தட்டிடம்.

சாயங்காலம் ஆக ஆக வடமேற்கே மேகம் கட்டியது. அடிப்பக்கம் பச்சை ஓடிய மேகம். அந்த நிறம் தெரிந்தால் அதற்குள் ஆலங்கட்டி இருக்கும். ஒரு வருஷத்துக் கோதுமையைக் கால் மணி நேரத்தில் சேறாக்கிவிடும். மெஷின்கள் வேகம் பிடித்தன. நான் சாயங்காலச் சாப்பாட்டைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு டெனிஸோடு கிழக்கு ஓரத்துக்குப் போய் நிறுத்தினேன். வண்டியில் வயர்லெஸ் ஓடிக்கொண்டிருந்தது. அறுவடை நாளில் எல்லா மெஷினும் டிராக்டரும் லாரியும் ஒரே அலைவரிசையில்தான் இருக்கும். ஒருவர் தும்மினால் எல்லோருக்கும் கேட்கும்.

வயல் மொட்டையாகிவிட்டது. அந்த ஒரு பட்டை மட்டும் பொன்னாக நின்றது. ட்ரெவர் டிராக்டரை நிறுத்திவிட்டு இருக்கையிலேயே இருந்தான். அவன் இறங்கி அப்பாவின் மெஷினுக்குப் போகவேண்டும். போகவில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

அப்போது க்ளேயின் மெஷின் திரும்பியது. நேராக வந்து அந்தப் பட்டைக்குள் நுழைந்து அறுக்க ஆரம்பித்தது.

மற்ற மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. உதவிக்கு வந்தவனை, அதுவும் விருந்தாளியை, எல்லோர் காதிலும் விழ எப்படிக் கண்டிப்பது? எங்கள் ஆட்கள் அப்படி வளர்ந்தவர்கள் இல்லை.

கடைசியில் கர்ட் குரல் வந்தது. "க்ளே, கேக்குதா? கிழக்குப் பக்கம் எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு. நீளமா ஒரு பட்டைய விட்டுட்டீங்கப்பா. நான் எடுத்துடறேன், மேகம் வருது."

"ஆமா. மேகம் வருதுதான்." கொஞ்சம் கரகரப்பு. "ட்ரெவர் அங்க நிக்கிறான்."

"ஓய்வெடுக்கச் சொல்லு. பையன் காலையிலேருந்து ஓட்டறான்."

இன்னொருவர் குறுக்கே வந்தார். "க்ளே, உன் மெஷின் சூடாயிடலையே?"

"இல்லையே."

"சூடான மாதிரி தெரிஞ்சுது. நிறுத்திப் பார்த்தா நல்லது."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க வேற."

நான் டெனிஸைப் பார்த்தேன். அவள் ட்ரெவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இறங்கவில்லை, கையை ஆட்டவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. தன் பங்கு போவதைப் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தான். ட்வெயின் கடைசி மாதங்களில் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது எனக்கு நினைவு வந்தது. அவளுக்கும் வந்திருக்கவேண்டும்.

"அதை எடு," என்றாள். வயர்லெஸ் மைக்கைக் கொடுத்தேன்.

"க்ளே. டெனிஸ் பேசறேன். நிறுத்து."

மெஷின் இன்னும் நாலடி போய் நின்றது.

"அது ட்ரெவருக்கு விட்டது. மறந்துட்டியா? உங்கப்பா போனப்ப உனக்கும்தான் விட்டாங்க. எங்கப்பாவும் வந்திருந்தார் அன்னைக்கு."

"அடக் கடவுளே. டெனிஸ், நான் மேகத்தைப் பார்த்துட்டு..."

"இரு. நான் முடிக்கல. எல்லாரும் கேட்டுட்டிருக்கீங்கதானே." அவள் குரல் ஏறவில்லை. காலையில் மாவைப் பற்றிப் பேசிய அதே குரல். "ட்வெயின் துப்பாக்கி துடைக்கல. அந்தத் துப்பாக்கியை அவன் ஒருநாளும் துடைச்சதில்ல. துருப்பிடிக்குது, துடைன்னு நான் சண்டையே போட்டிருக்கேன். அவனேதான் செஞ்சுகிட்டான். எனக்குத் தெரியும், ஷெரீப்புக்குத் தெரியும், உங்க எல்லாருக்கும் தெரியும். மேசையில வச்சே சொல்லியிருக்கணும். சாப்பிடறவங்க நடுவுல சொல்ல வரல. அவ்வளவுதான்."

பொத்தானை விட்டாள். வயர்லெஸ்ஸில் காற்று மாதிரி ஒரு சத்தம் மட்டும். ஏழு மெஷின், மூன்று லாரி, அத்தனை கண்ணாடிக் கூண்டுக்குள்ளும் ஆட்கள் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா," என்றது வயர்லெஸ்.

"சொல்லுடா."

"நான் பார்த்தேன்."

"தெரியும்."

"நீங்கல்லாம் விபத்துன்னு சொன்னீங்க."

"சொன்னோம்."

கரகரப்பு. பொத்தான் அழுந்தியது, விட்டது, மறுபடி அழுந்தியது. "எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு நெனச்சேன்."

"இல்லடா. உனக்கு ஒண்ணும் பிசகல. நீ பார்த்ததுதான் சரி. நாங்கதான் தப்பாச் சொன்னோம்."

நான் வெளியே பார்த்தேன். பட்டையின் நடுவில் க்ளேயின் மெஷின் தூசி அடங்கி நின்றது. அப்புறம் அவன் குரல் வந்தது. டிவியில் கேட்கிற குரல் இல்லை. வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பானே, அந்தக் குரல்.

"ட்ரெவர். எனக்குப் பதினஞ்சு வயசு."

அந்த வாக்கியத்தை எத்தனையோ கூட்டத்தில் கேட்டிருக்கிறோம். அடுத்த வாக்கியம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். காத்திருந்தோம். அது வரவில்லை.

அவனுடைய மெஷின் மெல்லப் பின்னால் நகர்ந்து பட்டையைவிட்டு வெளியே வந்தது. அறுத்த இடம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. கூண்டுக்குள் அந்த இளம்பெண் கேமராவை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

ட்ரெவர் இறங்கினான். தாள்கட்டைகளில் சரக் சரக்கென்று நடந்துபோய் பச்சை மெஷினில் ஏறினான். அது இருமி இருமி, கறுப்புப் புகை விட்டு, மூன்றாவது முறை பிடித்தது. பட்டைக்குள் இறங்கினான். க்ளே அறுத்துவிட்டுப்போன இடம் வந்ததும் ஒரு கணம் நின்றான். பிறகு அதைத் தாண்டி மிச்சத்தை அறுத்தான். கோணல்மாணலாகத்தான் போயிற்று. ட்வெயின் பார்த்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

டெனிஸ் மைக்கை மாட்டிவிட்டு, "பீராக் ஆறிடும்," என்றாள்.

மேகம் வடக்கே போய்விட்டது. எங்கள் பக்கம் ஒரு சொட்டுகூட விழவில்லை. யாரும் அவசரப்பட்டிருக்கவே வேண்டியதில்லை. ஆட்கள் வந்து சாப்பிட்டார்கள். வயர்லெஸ்ஸில் கேட்டதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, மழையைப் பற்றியும் விளைச்சலைப் பற்றியும் பேசினார்கள். பெர்னடெட் கிழவி மட்டும் எழுந்து வந்து ட்ரெவர் தட்டில் இன்னொரு பன்னை வைத்து, "என் தம்பி ரேமண்ட், அவனும் துடைக்கலடா," என்று சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார். ட்ரெவர் அந்தப் பன்னில் பாதி சாப்பிட்டான். க்ளே சாப்பிடாமலே கிளம்பிவிட்டான். போகும்போது டெனிஸைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான், அவள் தலையசைத்தாள்.

அந்தப் பெண் எடுத்த படம் எங்கும் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை க்ளே டிவியில் யாரையோ பிய்த்துக்கொண்டிருந்தான், பழையபடி உரக்க. கர்ட் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். ஆகஸ்டில் சந்தைத் திடலில் அவன் பேசியபோது நானும் டெனிஸும் முன்வரிசையில் இருந்தோம். "எனக்குப் பதினைந்து வயது. அப்பா போய்விட்டார். மறுநாள் விடியற்காலையில் எழுந்து மாடுகளுக்கு நான் தீவனம் வைத்தேன். அரசாங்கம் வந்து வைக்கவில்லை," என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு வார்த்தை குறைந்திருந்தது. அவன் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. டெனிஸ் கைதட்டவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தாள்.

துப்பாக்கிகள் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. ட்ரெவர் இப்போதும் அதிகம் பேசுவதில்லை. புதன்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு ஹேஸ் நகரத்தில் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறான். எங்கள் ஊரில் இருந்த அந்த மாதிரி ஆஸ்பத்திரி எப்போதோ மூடிவிட்டது. அதை மூட வேண்டும் என்று க்ளே பேசிய கூட்டத்திலும் நாங்கள் கைதட்டியிருக்கிறோம்.

செப்டம்பரில் விதைப்பு வந்தது. நான் காபி வாங்கிக்கொண்டு டெனிஸ் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ட்ரெவர் உள்ளே வந்து கை கழுவி, ட்வெயினின் நாற்காலியை விட்டுவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"அம்மா. விதைக்கிற மெஷின் கொட்டகைக்குள்ளதான் இருக்கு."

டெனிஸ் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஏப்ரலிலிருந்து அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை.

"கர்ட் மாமாவை எடுத்துத் தரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்." மென்று முடித்தான். "கதவு இறுகிப் போயிருக்கும். எண்ணெய் போடணும். நீயும் வா. ரெண்டு பேரும் இழுத்தாத்தான் வரும்."

"சரி," என்றாள் அவள். "சாப்பிடு. முடிச்சிட்டுப் போலாம்."